சேவல் ஏலத்துக்கு முன் அத்தான் வாசித்தது

கைப்பேசியின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு மேலே ஏறியது, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் என் அக்கா புருஷன் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கிறார். கன்னம் உப்புகிறது, தோள் ஏறி இறங்குகிறது, விரல்கள் ஓடுகின்றன. "சித்தி, அதுல சவுண்டே கிடையாது. அந்தக் காலத்து கேமரா, படம் மட்டும்தான் பிடிக்கும்" என்று படத்தை அனுப்பிய அக்கா மகன் போனில் சொன்னான். எனக்குத் தெரியாதா? அந்தக் கேமராவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து ஆர்மோனியம் போட்டவளே நான்தான். தெரிந்துதான் அமுக்கினேன். வயசானால் புத்தி கெட்டுப்போகும் என்பது சும்மா இல்லை.

அத்தான் பல்லாவரத்துக்காரர். கத்தோலிக்கர். நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் புராட்டஸ்டண்ட் சபை. அப்பா பள்ளித் தலைமையாசிரியர், சபைக்குச் செயலாளர் வேறு. நாற்பது வருஷம் மெட்ராஸில் இருந்தும் திருநெல்வேலித் தமிழை விடாதவர். அப்படிப்பட்டவருக்கு "இன்னா மாமா, சௌக்கியமா கீறீங்களா" என்று கேட்கிற மாப்பிள்ளை வாய்த்தார். அக்கா டெலிபோன் ஆபீசுக்குப் போகும் மின்சார ரயிலில் ஆரம்பித்த விவகாரம் அது. இரண்டு வருஷம் வீட்டில் போர். அக்கா சாப்பிடாமல் கிடந்து ஜெயித்தாள். கத்தோலிக்கர் என்பதைக்கூட அப்பா விழுங்கிக்கொண்டார், அந்த வாத்தியத்தைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அறுபதுகளில் எங்கள் ஊரில் சாக்ஸபோன் என்றால் எல்லாருக்கும் ஒரே ஒரு அர்த்தம்தான். சினிமாவில் அந்தச் சத்தம் வந்தால் வில்லன் வீட்டில் விருந்து நடக்கிறது. யாரோ ஒருத்தி மினுமினுக்கும் துணியில் ஆடப்போகிறாள், கதாநாயகியின் அண்ணன் குடித்துக் கெடப்போகிறான். அத்தான் கோடம்பாக்கத்தில் வாசித்ததெல்லாம் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். படத்தில் பெயர் வராது. ஒலிப்பதிவில் பின்வரிசை நாற்காலி, பாட்டுக்கு நடுவில் எட்டு எண்ணிக்கை நீளம், அவ்வளவுதான் அவர் பங்கு. சபையில் பெண்கள் அக்காவிடம் "உங்க வீட்டுக்காரர் வில்லன் பார்ட்டிதானே" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைப்பாள்.

நான் அப்போது பள்ளியில் பாட்டு டீச்சர். அதனால் அத்தானுக்கு நான் எப்போதும் 'டீச்சர்'தான், மச்சினி என்ற கேலியெல்லாம் கிடையாது. அவர் வாசிப்பில் ஒரு விஷயம் என்னை முதலில் எரிச்சல்படுத்தியது. சரியான இடத்தில் வரமாட்டார். தாளம் விழுந்த பிறகு, ஏதோ வழியில் யாரிடமோ பேசிவிட்டு வந்தவர் மாதிரி, சற்றுப் பிந்திக் காலை வைப்பார். ஒரு வரியை வாசித்துவிட்டு அடுத்த வரியைச் சும்மா விட்டுவிடுவார். எங்கள் பாடகர் குழுத் தலைவர், "ஆளு இடத்தை மறந்துட்டார் போல" என்று என் காதில் சொன்னதுண்டு. நானும் கேட்டுவிட்டேன், "ஏன் அத்தான் பாதியில விட்டுட்டு நிக்கறீங்க?" அதற்கு அவர், "டீச்சர், சினிமாக்காரன் எத்த எத்தயோ ஜாஸுன்னு சொல்லிகினு திரியறான். ஜாஸுன்னா இன்னா தெரியுமா? நாலு பேரு வாசிக்கசொல்ல நீ எங்க வாய மூடணும்னு தெரிஞ்சிக்கறது. அம்மாந்தான்" என்றார். அன்றிலிருந்து அவர் வாசிக்காத இடங்களைக் கேட்கப் பழகினேன். அவர் விட்ட இடத்தில் பாட்டு நிற்காது, நமக்குள்ளே ஓடும். நாம் போயிருக்கும் அதே இடத்துக்கு அவரும் திரும்பி வந்து சேருவார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் டீச்சருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

அவருக்கு வந்த நோய் டி.பி. வாயால் பிழைக்கிறவனுக்கு நெஞ்சில் வருகிற நோய். ஒரு ஒலிப்பதிவில் இருமி, அந்த டேக் வீணாகி, அவரை வெளியே உட்காரச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. டி.பி. ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் சேர்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டேஷன் தூரம்தான், ஆனால் அந்த ஒரு ஸ்டேஷனை அக்கா கடந்துபோன விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் எழுந்து கதவருகே போய்விடுவாள். மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் கொடுத்த பிறகு, மற்றவருக்குத் தொற்றும் நிலை போய்விட்டது என்றார் டாக்டர். ஆனால் இடது நுரையீரலில் ஓட்டை ஆறவில்லை. அந்தப் பகுதியை அறுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டார். எடுத்த பிறகு உயிரோடு இருக்கலாம், ஊதமுடியாது. எடுப்பதற்கு முன்னாலும் ஊதக் கூடாது, ஊதினால் ரத்தம் வரும். அந்த டாக்டர் நல்ல மனுஷர், தலையைக் குனிந்துகொண்டுதான் இதைச் சொன்னார்.

அத்தான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வார்டே பார்க்க அழுதாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சில நாள் கழித்து அவராகவே ஒரு வழி சொன்னார். "உங்க சர்ச்சுல டேப் ரிக்கார்டர் கீதுல்ல? அறுப்புப் பண்டிகை வருதுல்ல? ஒரே ஒரு தபா வாசிச்சிக்கறேன். டேப்புல புடிச்சி வெச்சிட்டா போதும். அப்பால நான் அத்த கேட்டுகினே காலத்த ஓட்டிடுவேன். ஆபரேசனுக்குக் கையெழுத்தும் போட்டுடறேன்." அக்கா என்னைப் பார்த்தாள். வாசித்தால் ரத்தம் கக்கிச் சாகலாம், வாசிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் சாவார். இதில் எதை எடுப்பது? ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, "வாசிக்கட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்ன அன்று அவள் முகத்தில் பார்த்த பயத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

எங்கள் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளைந்தது, வளர்த்தது, சுட்டது என்று அவரவர் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூசணி, வாழைத்தார், முட்டை, அதிரசம், கோழி. ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். ஏலம் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் கௌரவக் குறைச்சல், திரும்பவும் காணிக்கையாகவே கொடுத்துவிடுவார். அதே சேவல் சாயங்காலம்வரை நாலைந்து பேருக்குச் சொந்தமாகிவிட்டு, மறுபடி அப்பாவின் கைக்கே வந்து சேரும். ஏலம் விடுவது அப்பாதான், ஊர் சிரிக்கச் சிரிக்க விடுவார். அந்த வருஷம் ஏலத்துக்கு முன் மாப்பிள்ளை ஒரு கீர்த்தனை வாசிக்கட்டும் என்று கேட்டு, நான் அப்பாவிடம் பாதி நாள் மல்லுக்கட்டினேன். "கோயில் வளாகத்துல அதை ஊதவா?" என்று குதித்தார். கடைசியில், "கீர்த்தனை மட்டும். ஆட்டம் பாட்டம் ஒண்ணும் கூடாது" என்று இறங்கிவந்தார்.

மழைக்கு நடுவே வெயில் அடித்த நாள் அது. பண்டிகைக்கு என்று மட்டும் சொல்லி, சானடோரியத்தில் ஒரு நாள் அனுமதி வாங்கி அத்தானைக் கூட்டிவந்திருந்தோம். ஆர்மோனியத்தை வெளியே தூக்கிவந்து போட்டார்கள். உள்ளே ஆராதனையைப் பதிந்த, மிஷனிலிருந்து வந்த ஸ்பூல் டேப் ரிக்கார்டரை அதே டேப்போடு ஜன்னல் விளிம்பில் வைத்து, மைக்கை ஒரு நாற்காலி முதுகில் கட்டினோம். கல்லூரியில் பாடம் நடத்திய வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் கையில் சின்ன சினிமாக் கேமராவோடு வந்திருந்தார். அத்தானின் சட்டை அவருக்கே பெரிதாக இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார். அக்கா ஈரத் துண்டோடு அவருக்குப் பின்னால் நின்றாள். நான் முதல் வரியை ஆர்மோனியத்தில் வாசித்து முடித்துவிட்டேன். அவர் ஆரம்பிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, முடியவில்லை போலிருக்கிறது என்று முதல் வரியை மறுபடி எடுக்கப்போனேன். அப்போதுதான் வந்தார்.

அவர் வாசித்ததை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. குழந்தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடித் தேய்ந்துபோன மெட்டு அது. அதை எடுத்து, நாங்கள் இத்தனை வருஷம் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் அவர் நுழைந்தார். நாங்கள் பாடும் இடங்களில் சும்மா இருந்தார். இரண்டாவது சுற்றில் மெட்டை விட்டே போய்விட்டார். எங்கோ கீழே இறங்கினார், ஏதோ கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், மறுபடி கேட்டார். வில்லன் வீட்டு வாத்தியம்தான் அது, ஆனால் ஒரு ஆள் ஆண்டவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏன் ஏன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கூட்டம் அசையாமல் பார்த்தது. முடிவில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டினார், நீட்டினார், எனக்கு இங்கே மூச்சு முட்டியது. அது அறுந்து இருமலாகியது. அக்கா பாய்ந்துபோய்த் துண்டைக் கொடுத்தாள். துண்டை மடித்துச் சிவப்பை உள்ளே மறைத்துக்கொண்டு, சேவலை இடுக்கிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்து, "ஏலத்த ஆரம்பிங்க மாமா, கோழி பாவம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினவர்கள் குறைவு, சிரித்தவர்கள்தான் அதிகம்.

சானடோரியத்துக்குத் திரும்ப வண்டி ஏறும்போது அத்தான் அப்பாவிடம், "அந்த டேப்ப மட்டும் பத்திரமா வெச்சிருங்க மாமா" என்றார். "சபைச் சொத்துல்லா, பத்திரமா இல்லாம எங்க போவும்?" என்றார் அப்பா. அந்த வாரமே அத்தான் கையெழுத்துப் போட்டார். அறுத்தார்கள். பிழைத்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், அப்பா அந்த டேப் ரிக்கார்டரைத் தானே சுமந்துகொண்டு வார்டுக்கு வந்தார். மனுஷர் அதுவரை வாசலோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனவர். "மாப்பிள, உங்களுக்காகத்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார். அத்தானின் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல! கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். "அண்ணாத்தே, வாங்க, வாங்க. நம்ம வாசிப்பு. கேட்டுட்டு சொல்லுங்க." நர்ஸ் பிளக் மாட்டிக் கொடுத்தார். அப்பா ஸ்பூலை மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே" என்று ஒரு குரல் ஆரம்பித்தது.

எங்கள் சபையில் ஸ்பூல் இருந்ததே சொற்பம். ஒரு பிரசங்கத்தைக் கேட்டு முடித்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள், அதுதான் வழக்கம். கோயிலுக்கு வரமுடியாத நோயாளிகள் கேட்கட்டும், அதிலும் தன் மாப்பிள்ளை கேட்கட்டும் என்று, வெளியூரிலிருந்து வந்த பெரிய பாதிரி ஐயரின் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை அப்பா தன் கையாலேயே பதிந்திருக்கிறார். அறுப்புப் பண்டிகைதான் முடிந்துபோயிற்றே! டேப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். துடைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டித்தான் வைத்திருந்தார். அதில் இருந்ததும் பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிரசங்கம் போய்க்கொண்டே இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அத்தான் கையைக் காட்டித் தடுத்தார். இதற்குப் பின்னால் இருக்கும், கொஞ்சம் பொறு, இருக்கும் என்று அவர் நம்பியது கண்ணில் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிப் பக்தியாகக் கேட்டார்கள். அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பித்த பிரசங்கம் மேய்ப்பர்களிடம் போய், நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகளிடம் போய், ஒருவழியாக ஆசீர்வாதத்துக்கு வந்து ஆமென் சொன்னது. 'டக்'கென்று ஒரு சத்தம். பிறகு சாக்ஸபோன். அந்தக் கடைசி ஸ்வரம், அதிலும் பாதி. உடனே இருமல். உடனே, "ஏலத்த ஆரம்பிங்க மாமா, கோழி பாவம்." சிரிப்பு. டேப் முடிந்து ஸ்பூல் வெறுமனே சுற்றியது.

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. ஸ்பூலை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அதன் சுற்றலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான்தான் எட்டி அதை நிறுத்தினார். "நல்ல பிரசங்கம், மாமா" என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மிஷினைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம். எதையாவது செய்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். குரோம்பேட்டையில் ஒரு ரேடியோக் கடையில் கணக்கு எழுதினார். ஐந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிப் பேசுவார். சாக்ஸபோன் கட்டிலுக்கடியில் இருந்தது. கடை ரேடியோவில் பழைய கிளப் நடனப் பாட்டு வந்தால், கேட்டுவிட்டு, "இது நம்மது", "இது வேற ஆளு" என்பார், அவ்வளவுதான். அவர் போன பிறகு நான் அந்தப் பாட்டுகளைத் தேடித்தேடிக் கேட்கிறேன், இன்றுவரை. எங்கேயாவது அந்த வாத்தியம் சற்றுப் பிந்தி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் இது அவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மறுநாள் அதே பாட்டு யாரோ ஒருவர் வாசித்ததாகத்தான் கேட்கும். கேட்டுச் சொல்ல ஆளில்லை, ஒரு இசைத்தட்டிலும் பெயரில்லை. கீர்த்தனை எனக்குத் தெரியும், இப்போது கேட்டாலும் வாசிப்பேன். இரண்டாவது சுற்றில் மெட்டை விட்டுப் போனாரே, அங்கே போய் என்ன கேட்டார்? அது என் தலையிலிருந்தும் போய்விட்டது. ராகம் ஒன்று அரைகுறையாக வரும், அதுவும் நானே இட்டுக்கட்டியதோ என்று சந்தேகமாகிவிடும். அவரைக் கேட்ட காதுகளில் மிச்சமிருப்பது என்னுடையது மட்டும்தான். அதுவும் தொலைத்துவிட்டு நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு போன மாதம் இந்தப் படம் வந்தது. அந்தப் பேராசிரியரின் மகள் எங்கோ பரணில் கிடந்த ரீல்களைக் கணினியில் ஏற்றி அனுப்பி, அது கைமாறிக் கைமாறி அக்கா மகனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரர் பூசணிக்காயை எடுத்திருக்கிறார், வாழைத்தாரை எடுத்திருக்கிறார், பெண்கள் தலையில் பூவை எடுத்திருக்கிறார். அத்தானைக் கொஞ்சம் எடுத்துவிட்டுச் சேவலுக்குப் போய்விடுகிறார். கொண்டையும் வாலுமாகச் சேவல் அழகாகத்தான் விழுந்திருக்கிறது, அந்த மனுஷரைக் குறை சொல்லக் கூடாது. பாவி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா! தெரிந்த ஒரு பேண்டு வாத்தியக்காரரிடம் காட்டினேன், விரலைப் பார்த்து வாசிக்க முடியுமா என்று. பலமுறை ஓட்டிப் பார்த்தார். "விரல் தெரியுதும்மா. ஆனா எப்ப ஊதறார், எப்ப சும்மா கீறார்னு தெரியலியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. சேவலைக் காட்டும்போது அதைப் பிடித்திருக்கும் அப்பாவின் கையும் விழுந்திருக்கிறது. கட்டைவிரல் சேவலின் முதுகில் தட்டுகிறது. ஓரத்தில் ஆர்மோனியத்தில் என் கை தாளத்துக்கு விழுகிறது, அதற்குச் சற்றுப் பிந்தி அப்பாவின் விரல். அத்தான் எப்போதும் பிந்தி வருகிற அதே இடத்தில், அத்தானோடு. ஆக, அவருக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் எல்லாரையும்விட நன்றாகவே கேட்டிருக்கிறது. பிறகு அதன்மேல் பிரசங்கத்தைப் பதிய எப்படி, அப்பா, உங்களுக்கு மனசு வந்தது? அப்பா சாகும்வரை அவரோடு அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை இப்போது அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அக்கா என்னோடுதான் சேலையூரில் இருக்கிறாள். காது முழுக்கப் போய்விட்டது. மிஷின் வைத்தும் பயனில்லை, என் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். நேற்றுதான் தைரியம் வந்து அவள் கையில் கைப்பேசியைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அத்தான் வந்ததும் திரையைத் தடவினாள், படம் நின்றுவிட்டது, நான் மறுபடி ஓட்டினேன். கன்னம் உப்புகிறது, தோள் ஏறி இறங்குகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாள். பிறகு காதோடு வைத்துப் பார்த்தாள். இந்தப் படத்தில் சத்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியாது, தன் காதுதான் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"உனக்குக் கேக்குதாடி?" என்றாள்.

அவளுக்குத் தெரியும்படி வாயைத் திறந்து, "கேக்குது" என்றேன்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அக்கா. அந்த இடத்துக்கு லேட்டாத்தான் வர்றார்."

அவள் சிரித்தாள். திரையில் சேவல் வந்து, படம் முடியப்போனது. சட்டென்று முகம் மாறி என் கையைப் பிடித்தாள். அன்றைக்குத் துண்டோடு நின்ற அதே முகம். "இருமல் வந்துடுச்சா?"

"இல்ல. இன்னும் வாசிச்சுகிட்டுதான் இருக்கார்."

"அப்ப இருக்கட்டும், நிறுத்தாத" என்றாள் அக்கா. "கோழி காத்துகிட்டு நிக்கட்டும்."